கொசுவின் கண்ணும் நம் வீட்டு விளக்கும்: கேள்வி பதில்

மதுரையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விளக்கு, வெளிச்சம், சட்டை நிறம் பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

செல்லூரிலிருந்து: நீல டியூப் வச்ச பூச்சி விளக்கு வாங்கி ஹால்ல மாட்டியிருக்கோம் சார். டப் டப்னு பொரியுது, ஆனா கடி குறையவே இல்லை. ஏன்?

விளக்கின் அடித்தட்டில் விழுந்ததை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். விட்டில், ஈசல், சிறு வண்டு என்றுதான் பெரும்பாலும் கிடக்கும். அமெரிக்காவின் டெலாவேரில் இதே வகை விளக்குகளில் செத்த பூச்சிகளை எண்ணிப் பார்த்து 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 13,789 பூச்சிகள். அதில் கொசு உட்படக் கடிக்கும் இனங்கள் 31 மட்டுமே.

பெண் கொசுவை இரத்தத்துக்கு இழுப்பது முதலில் நம் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயு. கண் அதற்கு அடுத்துதான் வேலைக்கு வருகிறது. நீங்கள் படுத்திருக்கும் அதே அறையில் அந்த விளக்கு எரிந்தால், கொசுவை இழுப்பதில் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள், கடி விழும். கொசுவுக்காக அந்த விளக்கை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காசுக்கு ஜன்னலுக்கு வலை அடித்துவிடலாம்.

திருமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை: கொசுவுக்கு எந்த அளவு தெளிவாகத் தெரியும்? பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப்பில் காட்ட முடியுமா?

தலையின் இருபுறமும் ஒவ்வொரு கூட்டுக்கண். இனத்தைப் பொறுத்து ஒரு கண்ணில் சுமார் 350 முதல் 900 வரை குட்டி லென்ஸ்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் அடியில் ஒளியை உணரும் செல்கள் 8. ஈக்கும் தேனீக்கும் உச்சந்தலையில் இருக்கும் மூன்று தனிக்கண்கள் கொசுவுக்குக் கிடையாது.

தெளிவு மிகக் குறைவு. ஏடிஸ் கொசுவின் (டெங்குவைப் பரப்புவது) கண்ணில் அடுத்தடுத்த இரண்டு லென்ஸ்கள் பார்க்கும் திசைகளுக்கு நடுவே சுமார் 6 டிகிரி இடைவெளி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. கொசுவுக்கு அது ஒன்றிரண்டு புள்ளி. 5 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள் மூன்று புள்ளி உயரம், ஒரு புள்ளி அகலம். முகமெல்லாம் அதற்குத் தெரியாது. பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் கருப்பு உருவமும், அதன் அசைவும் அதற்குப் போதும்.

ஏன் இவ்வளவு மங்கல்? இரவு வெளிச்சத்தில் பறக்கக் கொடுத்த விலை அது. அனாபிலஸ் கொசுவின் (மலேரியாவைப் பரப்புவது) கண்ணில் அந்த 8 செல்களின் ஒளி வாங்கும் தண்டுகள் ஒன்றாக ஒட்டி, அகலமான ஒரே கூம்பாக நிற்கின்றன. கிடைக்கும் சொற்ப ஒளியையும் அள்ளிக்கொள்ளும், ஆனால் நுணுக்கம் போய்விடும். பகலில் மட்டும் திரியும் டாக்ஸோரிங்கைட்டிஸ் (இரத்தம் குடிக்காத பெரிய கொசு, இதன் புழு மற்ற கொசுப்புழுக்களைத் தின்னும்) கண்ணில் தண்டுகள் தனித்தனியாக விலகி நிற்கின்றன.

காட்டும் முறை: கொசு பேட் கண்ணைக் கருக்கிவிடும். அதனால் உயிரோடு ஒரு டப்பாவில் பிடித்து, ஃப்ரீஸரில் அரை மணி நேரம் வையுங்கள். ஸ்லைடில் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். கீழ் விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். 4 மடங்கு லென்ஸில் இரண்டு கண்களும் தலையை ஏறக்குறைய முழுதும் மூடியிருப்பது தெரியும். 10 மடங்கு லென்ஸில் உருண்டை உருண்டையாக வரிசை தெரியும். கீழ் விளக்கோடு பார்த்தால் வெறும் கருப்புக் கட்டிதான். பலரும் தோற்பது இந்த இடத்தில்.

மேலூரிலிருந்து: அந்தி சாஞ்சா மாட்டுக்கொட்டகை பல்பைச் சுத்தி கொசு மொய்க்குது. வீட்டுக்குள்ள பகல்லயே கடிக்குது. ஒரே கொசு ஏன் ரெண்டு மாதிரி நடக்குது?

ஒரே கொசு இல்லை அண்ணே. பெரியாறு கால்வாய்ப் பாசன வயலில் தேங்கும் தண்ணீரில் பிறப்பது கியூலெக்ஸ் டிரைட்டீனியோரிங்கஸ், கியூலெக்ஸ் விஷ்ணுய் இனங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புபவை. இவற்றுக்கு மாடு பிடிக்கும், இருட்டியபின் விளக்குக்கும் வரும். வீட்டுக்குள் பகலில் கணுக்காலில் கடிப்பது காலில் வெள்ளை வளையம் போட்ட ஏடிஸ். ஆட்டுக்கல், ஃப்ரிட்ஜ் பின்தட்டு, மூடாத தொட்டி இவற்றில் பிறப்பது.

வெளிச்சத்தை இவை எடுத்துக்கொள்ளும் விதமும் வேறு. 2020-ல் வெளியான ஆய்வில், பகலில் ஏடிஸ் பல நிற ஒளிகளை நோக்கி வந்தது. ஆப்பிரிக்க அனாபிலஸ் இனம் ஒன்று பகலில் புற ஊதா, நீல ஒளியை விட்டு விலகியது. இரவுக் கொசுக்களை நீங்கள் பகலில் கதவு இடுக்கிலும், கட்டிலடியிலும், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் பார்ப்பது அதனால்தான். மருந்தோ பேட்டோ, பகலில் அந்த இருட்டு மூலைகளில் போட்டால் பலன் உண்டு.

கொட்டகை பல்பு திண்ணையில் படுப்பவர் தலைமாட்டில் இருக்கக் கூடாது. விளக்கைத் தள்ளி மாட்டுங்கள், படுக்கைக்கு வலை கட்டுங்கள்.

ராத்திரி லைட்டைப் போட்டுக்கிட்டே தூங்கினா கொசு வராதுதானே?

வரும். செயற்கை வெளிச்சத்தில் ஏடிஸ் இரவிலும் கடிப்பதை 2020-ல் இன்னோர் ஆய்வு காட்டியது. அனாபிலஸ் காம்பியே இனத்துக்கு இரவில் 10 நிமிட வெள்ளை ஒளி கொடுத்தபோது கடி குறைந்தது உண்மை; ஆனால் அது ஆய்வகத்தில்.

உசிலம்பட்டியிலிருந்து: கருப்புச் சட்டை போட்டா கொசு அதிகம் கடிக்குமா?

ஆமாம், மூச்சு வாசனை பட்ட பிறகு. 2022-ல் ஏடிஸ் ஈஜிப்டியை வைத்து நடந்த சோதனையில், கரியமில வாயு பட்டதும் கருப்பு, சிவப்பு, ஆரஞ்சு நிறங்களுக்கு அது பறந்தது. வெள்ளை, பச்சை, நீலம், ஊதாவைப் பெரும்பாலும் சட்டை செய்யவில்லை. வாயு இல்லாதபோது நிறத்தையே அது பொருட்படுத்தவில்லை. நம் தோல், எந்த நிறத்தவர் ஆனாலும், சிவப்பு-ஆரஞ்சு ஒளியைத்தான் அதிகம் காட்டும். எனவே வெள்ளை அரைக்கைச் சட்டையைவிட வெள்ளை முழுக்கைச் சட்டை நல்லது.

வாடிப்பட்டியிலிருந்து: தொட்டியை எட்டிப் பார்த்தா புழு எதுவும் தெரியல, மறுநாள் கொசு கிளம்புது. எப்படி?

உங்கள் நிழல் விழுந்ததும் புழு அடிக்குப் போய்விடுகிறது. புழுவுக்குக் கூட்டுக்கண் முழுதாக வளருமுன்பே, ஒளி குறைவதை உணரும் சிறு கண்புள்ளிகள் உண்டு. சூரியனைப் பார்த்தபடி நின்று, நிழல் தண்ணீரில் விழாமல், வெள்ளைக் கரண்டியைச் சாய்த்து ஓரமாக ஒரே வீச்சில் மொள்ளுங்கள். தப்பிவிட்டால் மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மூச்சுவிட மேலே வந்தே தீரும்.

கருப்பு வாளி வச்சா ஏடிஸ் வந்து முட்டை போடும்ங்கறாங்க. வைக்கலாமா?

வைக்கலாம். இருண்ட பாத்திரத்தைத்தான் தாய்க்கொசு தேர்ந்தெடுக்கும். 1 லிட்டர் கருப்பு வாளியில் பாதி தண்ணீர், உள்பக்கம் பாதி நனையும்படி ஒரு முரட்டுத் துணிப்பட்டை, நிழலில் தரையில். முட்டை தண்ணீரில் இருக்காது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரத்துணியில் ஒட்டியிருக்கும். 5 நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டி, துணியைக் கொதிநீரில் போட்டு, வாளியைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊருக்குப் போகிறீர்கள், கொட்ட ஆளில்லை என்றால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் அதுவே கொசுப்பண்ணை ஆகிவிடும்.