இரண்டு பிளொக்குகள் சேரும் இடம்

மதிப்புக்குரிய அம்மா,

தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை வாங்கி, அவற்றை இணைத்துப் போர்வை தைக்கிறோம். குவில்ட் என்ற ஒட்டுப்போர்வை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், பழைய அமெரிக்க பிளொக்குகளை, அதாவது துண்டுகளை இணைத்துத் தைக்கும் சதுர வடிவங்களை, கணினியில், இங்ஸ்கேப் மென்பொருளில் வரைந்து, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினேன். 12 அங்குலச் சதுரத்தில் ஓஹாயோ ஸ்டார், சோடூத் ஸ்டார் என்ற இரண்டு நட்சத்திர பிளொக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது திரையில் மிக அழகான நட்சத்திரம் கிடைத்தது. தைத்துப் பார்த்தால் கூர்முனைகள் காணாமல் போய், துணி தடித்துச் சுருங்கிவிட்டது. பிழை எங்கே? பழைய இரண்டைச் சேர்ப்பதை, அதுவும் கணினியை வைத்துச் சேர்ப்பதை, புதிய வடிவமைப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? என் அப்பாயி எந்தப் படத்தையும் பார்க்காமல்தான் பழைய சேலைகளை ஒட்டித் தைத்தார். பிள்ளைகளுக்கு முதலில் கணினியைக் கற்பிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

வாசகி, தலவாக்கலை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதற் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் இரண்டாவதற்கும் பெரும்பகுதி பதில் வந்துவிடும் என்று நினைப்பதால், பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓஹாயோ ஸ்டார் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்த சதுரத்தில் நிற்கிறது. சோடூத் ஸ்டார் நான்குக்கு நான்காகப் பிரிந்ததில் நிற்கிறது. 12 அங்குல பிளொக்கில் முதலாவதன் கோடுகள் 4, 8 அங்குலங்களிலும், இரண்டாவதன் கோடுகள் 3, 6, 9 அங்குலங்களிலும் விழும். ஆகவே ஒன்றன் கூர்முனை விளிம்பைத் தொடும் இடத்துக்கும் மற்றதன் கூர்முனை தொடும் இடத்துக்கும் இடையில் ஓர் அங்குலமே இருக்கிறது. அங்கிருந்து உள்நோக்கி ஓடும் இரண்டு சாய்கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையானவை என்பதால், அவற்றுக்கிடையே ஏறத்தாழ 0.7 அங்குல அகலமுள்ள ஒரு பட்டி உருவாகி, அதன் முனைகள் ஊசியாக முடிகின்றன. அந்தப் பட்டியின் இரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். மேலே தெரியும் 0.7 அங்குலத்துக்குக் கீழே அரை அங்குலத் துணி மடிந்து கிடக்கிறது என்றால் அந்த இடம் தடிக்காமல் என்ன செய்யும்? திரையில் கோட்டுக்குத் தடிப்பு இல்லை. துணியில் ஒவ்வொரு கோடும் ஒரு தையல், ஒவ்வொரு தையலும் இரண்டு மடிப்பு. உங்கள் கை தவறவில்லை. அந்தப் படம் 12 அங்குலத்தில் தைப்பதற்கு உரியதல்ல என்பதே உண்மை.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதைப் புரியவைக்கக் கோலம் போதும். நேர்ப்புள்ளி வைத்த கோலத்தையும் ஊடுபுள்ளி வைத்த கோலத்தையும் ஒரே வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் கோடுகள் எங்கே சந்திக்கும் என்று கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும். பிளொக்குகளைச் சேர்க்குமுன் ஒவ்வொன்றும் எத்தனை கட்டத்தில் நிற்கிறது என்று எண்ணுவது அதனால்தான் முதல் வேலையாகிறது. பெயார்ஸ் போ (கரடிப் பாதம்) என்ற பிளொக் ஏழுக்கு ஏழு. அதை 12 அங்குலத்தில் வரைந்தால் ஒரு கட்டம் 1.71 அங்குலமாகி, அளவுகோலில் எங்கும் நில்லாது. 14 அங்குலத்தில் வரைந்தால் சரியாக 2 அங்குலம். மூன்று கட்டக்காரனோடு அதை முழு அங்குலங்களில் இணைக்க ஆசைப்பட்டால் 21 அங்குலம் வரை போக வேண்டியிருக்கும், அது அடுக்கித் தைக்கும் பிளொக்குக்குப் பெரிது.

மூன்றையும் நான்கையும் சேர்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காமல், ஒன்றை மற்றதன் உள்ளே வையுங்கள். 12 அங்குல சோடூத் ஸ்டாரின் நடுவில் 6 அங்குலச் சதுரம் ஒன்று வெறுமையாக இருக்கிறது. அங்கே சேர்ன் டாஷை வைக்கலாம், அது மூன்று கட்டத்து பிளொக். 6 அங்குலத்தில் அதன் ஒவ்வொரு கட்டமும் 2 அங்குலமாக முழு எண்ணில் வந்து நிற்கும். சேர்ன் டாஷின் நான்கு மூலைகளிலும் அரைச்சதுர முக்கோணங்கள், அதாவது குறுக்கே இரண்டு முக்கோணமாகப் பிரிந்த சதுரங்கள், இருக்கின்றன; அவற்றில் வெளிப்பக்கத்துப் பாதிக்கு, நட்சத்திரக் கூர்களுக்குக் கொடுத்த அதே துணியைக் கொடுங்கள். அப்போது மூலையிலுள்ள முக்கோணமும் அதை ஒட்டிய இரண்டு கூர்களும் கண்ணுக்கு ஒரே உருவமாகிவிடும். அந்த உருவம் சோடூத் ஸ்டாரிலும் இல்லை, சேர்ன் டாஷிலும் இல்லை. இரண்டும் தொடும் விளிம்பில், நீங்கள் துணியைத் தெரிந்தெடுத்த விதத்தால் மட்டுமே அது பிறக்கிறது. புதிய வடிவமைப்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

உங்கள் உரிமை பற்றிய கேள்விக்கு இப்போது வருகிறேன். பழைய பிளொக்குகள் என்று நாம் சொல்பவை யாரோ ஒருவர் முடித்துவைத்த சொத்துக்கள் அல்ல. அமெரிக்காவில் கான்சஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 1928 முதல் 1961 வரை பிளொக் படங்களை அச்சிட்டது. அவற்றுள் வாசகிகள் அனுப்பியவையும் இருந்தன. ஒரே வடிவம் ஊருக்கு ஒரு பெயரில் வாழ்ந்தது. குவில்ட் வரலாற்றாய்வாளர் பார்பரா பிராக்மன் 4,000-க்கும் மேற்பட்ட வடிவங்களைத் தொகுத்தபோது பெயர்களை நம்பாமல், கட்ட அமைப்பை வைத்தே அவற்றை வகைப்படுத்தினார். குவில்ட் மென்பொருள் செய்யும் இலெக்ட்ரிக் குவில்ட் நிறுவனம் அந்தத் தொகுப்பைக் கணினிக்கும் கொண்டுவந்தது. அந்த 4,000-இல் பெரும்பகுதி, ஒருத்தி மற்றொருத்தியின் பிளொக்கில் ஒரு கோட்டைக் கூட்டியோ குறைத்தோ செய்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் செய்வது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. எந்த இரண்டிலிருந்து பிறந்தது என்பதை மட்டும் போர்வையோடு எழுதி வையுங்கள்.

கணினியைப் பற்றிய உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. உங்கள் அப்பாயி சேலைத் துண்டுகளைத் தரையில் பரப்பி, தள்ளி நின்று பார்த்து, மாற்றி மாற்றி வைத்திருப்பார். கணினி அந்த மாற்றிவைத்தலை விரைவுபடுத்துகிறது. எது நல்லது என்று அது சொல்வதில்லை. அதன் உண்மையான பயன் ஒற்றை பிளொக்கை வரைவதில் இல்லை, அதை அடுக்கிப் பார்ப்பதில் இருக்கிறது. ஒன்பது சதுரங்களாலான நைன் பேட்ச், நான்கு மூலைகளும் சாய்வாக வெட்டப்பட்ட சதுரமான ஸ்னோபோல் என்ற இரண்டு பிளொக்குகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மூன்று கட்டத்தவை, இரண்டும் மிக எளியவை. ஐந்துக்கு ஐந்தாக மாறி மாறி அடுக்கினால், ஸ்னோபோலின் வெட்டுமூலைகள் நைன் பேட்ச்சின் மூலைச் சதுரங்களோடு சேர்ந்து, வளைகோடு ஒன்றுமே இல்லாத போர்வையில் வட்டங்கள் தெரியத் தொடங்கும். தனி பிளொக்கைப் பார்த்து இதை முன்கூட்டி அறிவது கடினம். எனவே எதைச் சேர்த்தாலும் உடனே இருபத்தைந்தாகப் பெருக்கிப் பாருங்கள். வண்ணத்தை நீக்கி, கறுப்பு வெள்ளையிலும் ஒருமுறை பாருங்கள். வெட்டுத்துண்டுகளில் நீங்கள் கேட்கும் நிறம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வெளிறியது, இடைப்பட்டது, அடர்ந்தது என்ற மூன்று குவியலாகத் துணியைப் பிரித்துவைத்தால் எந்த நிறத்திலும் வடிவம் நிற்கும். பருத்தியையும் பொலியெஸ்டரையும் ஒரே பிளொக்கில் கலக்காதீர்கள். துவைத்ததும் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது.

இங்ஸ்கேப்பில் வரைபவர்கள் மறக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வரைவது தைத்து முடிந்தபின் தெரியும் அளவு; எல்லாப் பக்கத்திலும் கால் அங்குலம் நீங்களே கூட்ட வேண்டும். 2 அங்குல அரைச்சதுர முக்கோணத்துக்கு 2⅞ அங்குலச் சதுரத்தை வெட்டிக் குறுக்கே பிளக்க வேண்டும். ஏ4 தாளின் அகலம் 8¼ அங்குலம்தான் என்பதால், 12 அங்குல பிளொக்கைக் கால் பங்காகவே அச்சிட முடியும். தாளுக்கேற்பச் சுருக்கும் தெரிவை அச்சிடுமுன் நீக்கிவிட்டு, ஓர் அங்குலச் சதுரத்தையும் பக்கத்தில் அச்சிட்டு அளந்து பாருங்கள். அச்சிட்ட தாளின் மேலேயே துணியை வைத்துத் தைக்கும் முறை கூர்முனைகளைக் காப்பாற்றும், தடிப்பைக் குறைக்காது. உங்கள் பழைய நட்சத்திரத்தை விட மனமில்லையென்றால் அதை 24 அங்குலமாக்கி, போர்வையின் நடுவில் ஒன்றே ஒன்றாக வைத்துத் தையுங்கள். அப்போது அந்தப் பட்டி 1.4 அங்குலமாகி, தையலைத் தாங்கும்.

பிள்ளைகளுக்கு முதலில் கட்டத்தாளையும் கத்தரிக்கோலையும் கொடுங்கள். தாங்களே வரைந்த ஒரு நைன் பேட்ச்சைத் தைத்து, கால் அங்குலம் எங்கே போகிறது என்று கையால் உணர்ந்தபின் கணினியின் முன் உட்காரட்டும்.