கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் சின்னக் குழந்தையோடு டென்ட் போட்டுத் தங்கலாமா? கரடி வருமா?

தாராளமாகத் தங்கலாம். கரடி வரவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு வேண்டியது உங்கள் முறுக்கு டப்பா.

ஊரில் கேட்ட கரடிக் கதைகளைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீலகிரிப் பக்கம் திடீரென்று எதிர்ப்பட்டால் ஆளைப் பிறாண்டிவிடுகிற கரடி வேறு இனம். இங்கே இருப்பது கருங்கரடி. பெயர்தான் கரு, நிறைய கரடிகள் நல்ல பழுப்பாக இருக்கும். 'ஐயோ கிரிஸ்லி' என்று அலறாதீர்கள், கிரிஸ்லி என்கிற பெரிய பழுப்புக் கரடி கலிஃபோர்னியாவில் அற்றுப்போய் சுமார் நூறு வருஷம் ஆகிவிட்டது. கருங்கரடிக்குக் கூச்சம் அதிகம், மூக்கு அதைவிட அதிகம்.

1998இல் மட்டும் யோசெமிட்டியில் 1,300க்கும் மேற்பட்ட கார்களைக் கரடிகள் உடைத்தன. கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, தகர டப்பா மூடியைப் போல வளைத்து இழுத்துவிடும். பிறகு 2001 முதல் 2007 வரை உடைபட்ட வண்டிகளை ஆராய்ந்து பார்த்தால், மினிவேன்தான் கரடிகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது! குழந்தைகள் இருக்கிற வண்டி, உள்ளே தின்பண்டம் சிந்தியிருக்கும் என்பது ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எங்களுடையதும் மினிவேன்தான்.

முதல் தடவை அங்கே அப்பர் பைன்ஸ் என்கிற முகாமில் தங்கினோம். டென்ட் போடும் ஒவ்வொரு இடத்துக்கும், சாப்பாட்டைக் கரடியிடமிருந்து காப்பாற்ற ஓர் இரும்பு லாக்கர் உண்டு. அதன் உயரம் சுமார் 18 அங்குலம். எங்கள் ஐஸ் பெட்டி அதைவிட உயரம்! தோசை மாவு, தயிர், பால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தனித்தனியாக அடுக்க வேண்டியதாயிற்று. கிளம்புமுன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு ரேஞ்சர் அம்மா ஒருவர் டார்ச்சோடு வந்து காருக்குள் அடித்துப் பார்த்தார். சாப்பாடு ஒன்றும் இல்லை என்று நான் தைரியமாக நிற்கிறேன். டார்ச் வெளிச்சம் நேராகப் பையனின் கார் சீட்டுக்குப் போனது. மடிப்பு முழுக்க ஓமப்பொடி. இருட்டில் ஈரத் துடைப்பான் வைத்து ஒவ்வொரு மடிப்பாகத் துடைத்தேன். முடித்ததும் அவர் சொன்னது: "அந்தத் துடைப்பான் பாக்கெட்டும் லாக்கருக்குள் போகணும், அதுவும் வாசனைதான்."

விதி இதுதான்: இருட்டிய பிறகு சாப்பாடோ வாசனையுள்ள பொருளோ காரில் எதுவும் கூடாது, டென்ட்டில் எப்போதுமே கூடாது. சோப்பு, சன் ஸ்கிரீன், காலி ஜூஸ் டப்பா, குப்பை எல்லாம் இதில் சேர்த்தி. நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தாலும் லாக்கரைத் தாழ் போட்டே வைத்திருக்க வேண்டும். 'இதோ ஒரு நிமிஷம்' என்று உப்பு எடுக்கப் போனவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். மலைக்குள் நடந்துபோய்த் தங்குவதாக இருந்தால் கரடியால் திறக்க முடியாத உருளை டப்பா கட்டாயம். மரத்தில் கட்டித் தொங்கவிடுவதெல்லாம் அங்கே செல்லாது.

அப்படியும் கரடி உங்கள் இடத்துக்கே வந்துவிட்டால்? எல்லோரும் ஒன்றாக நின்று, கையைத் தூக்கி, பாத்திரத்தைத் தட்டிக் கத்துங்கள். அது ஓட வழி மட்டும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே எதையாவது கவ்வியிருந்தால் பிடுங்கப் போகாதீர்கள், போனது போகட்டும். கரடி ஸ்பிரே வாங்காதீர்கள், யோசெமிட்டியில் அதற்கு அனுமதி இல்லை. காட்டுக்குள் எதிரே பார்த்தால் 50 கஜமாவது தள்ளி நில்லுங்கள், போட்டோவுக்காக நெருங்க வேண்டாம்.

பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால் படுக்கும் முன் தலையணைக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் மாமியாரின் தலைவலித் தைலம் முதல் ராத்திரி அங்கேதான் இருந்தது. இரண்டாவது ராத்திரி அது தோசை மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.