சத்தியமூர்த்தி: மேலூர் தம்பியின் கடிதம்

அண்ணே, வணக்கம். போன வாரம் சத்தியமூர்த்திய "காமராஜரோட குரு"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. கேள்வி கேட்டே வெள்ளைக்காரன் கவர்மென்ட்ட திணறடிச்சவருன்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு. ஆனா தேவதாசி ஒழிப்ப எதிர்த்தவருன்னும் படிச்சேன். எதண்ணே நெசம்?
- மேலூர் வாசகர்

அன்புத் தம்பிக்கு,

ரெண்டுமே நெசம்தான்யா. ஒரு வரியில முடிச்சது என் தப்பு.

நான் மதுரை ஜில்லா கோர்ட்ல வக்கீல் குமாஸ்தாவா கெடந்தவன். நல்ல வக்கீல் குறுக்கு விசாரணையில கத்தவே மாட்டாரு, அன்னிக்கு மழைன்னு சாட்சி சொன்னா சரிங்கன்னு கேட்டுக்கிட்டு, பத்து கேள்வி தள்ளி "அப்ப களத்துல நெல்லு காயப் போட்டிருந்தீங்களே?"ம்பாரு, சாட்சி முழிப்பான். சட்டசபையிலயும் அதான், எழுதிக் குடுத்த கேள்விக்கு ஆபீசர் தயார் பண்ணுன பதில வாசிச்சிரலாம், அந்தப் பதில வச்சே சபையில உடனே கேக்குற துணைக்கேள்விக்கு முடியாது, அந்த எடத்துலதான் திருமயத்துக்காரரான சத்தியமூர்த்தி புடிப்பாரு. 1923ல, சட்டசபைக்குள்ள போயே வெள்ளைக்காரன எதிர்க்கணும்னு சொன்ன சுயராஜ்யக் கட்சி ஆளா சென்னை சட்டசபைக்குள்ள போனாரு, 1934ல டெல்லி மத்திய சட்டசபை. கடைசி வரைக்கும் மந்திரி பதவி கெடையாது, கையில இருந்தது கேள்வி மட்டும்தான்.

1937 தேர்தல்ல தான் நிக்க வேண்டிய, பட்டதாரிங்க ஓட்டுப் போடுற யுனிவர்சிட்டி தொகுதிய ராஜாஜிக்கு விட்டுக்குடுத்தாரு. ராஜாஜி பிரதமர் ஆனாரு (அப்ப மாகாணத்துல அப்படித்தான் சொல்லுவாங்க), இவருக்கு மந்திரிசபையில எடமில்ல. இத நெனச்சா எனக்கு இன்னிக்கும் ஆறல தம்பி. அப்புறம் 1939ல மெட்ராஸ் மேயர். மெட்ராஸ் தண்ணிக்கு பூண்டி நீர்த்தேக்கம் வேணும்னு மல்லுக்கட்டி வேலைய ஆரம்பிக்க வச்சாரு, அது 1944ல முடிஞ்சப்ப பாக்க ஆளு இல்ல, 1943 மார்ச்லயே போய்ட்டாரு. 1940ல மாகாண காங்கிரஸ் தலைவரான காமராஜர், குருவையே செயலாளரா பக்கத்துல வச்சுக்கிட்டாரு, அத ஏத்துக்கிற மனசு எத்தன பேருக்கு வரும்?

தேவதாசி விஷயத்துக்கு நான் சப்பக்கட்டு கட்ட மாட்டேன். அதே சென்னை சட்டசபையில டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மா, சின்னப் பொண்ணுங்கள கோயிலுக்கு தேவதாசியா விடுற பொட்டுக்கட்டுற வழக்கத்த நிறுத்தணும்னு நின்னப்ப இவரு கோயில் சம்பிரதாயம்னு எதிர்த்தாரு. வெள்ளைக்காரன மடக்குன அதே நாக்கு, பத்து வயசு பொண்ணுங்களுக்கு எதிராவும் பேசிருக்கு. 1947ல சட்டம் வந்துச்சு, அதுல இவரு பக்கம் தோத்து அந்தம்மா ஜெயிச்சதுதான் எனக்கு சந்தோஷம்.

அன்புடன்,
அண்ணன்