கேப்டன் பொறுப்பு போய்விட்டதா? ஆட்டத்தை நிறுத்தாதீர்கள்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் ஒன் படிக்கும் மகள், பள்ளி வாலிபால் அணியின் கேப்டனாக இருந்தவள். மாவட்டப் போட்டியில் தோற்றதும் பி.டி. சார் அந்தப் பொறுப்பை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, இவளை லிபரோவாக (தடுப்பாட்டத்துக்கு மட்டும் நிற்பவர்) மாற்றிவிட்டார். ஸ்மாஷ் அடித்துக் கைதட்டல் வாங்கியவள் இனி பின்வரிசையில் நின்று பந்து எடுக்க வேண்டும். இந்த அவமானம் எதற்கு, நிறுத்திவிட்டு நீட் கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீட் தனிக் கேள்வி. மருத்துவத்தில் அவளுக்கே விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள்; மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுவதால் அது கெட்டுப்போகாது. ஆனால் இந்த வருத்தத்தோடு ஆட்டத்தை விட்டால், இடம் மாற்றினால் வெளியே வந்துவிட வேண்டும் என்று பதினாறு வயதிலேயே பழகிக்கொள்வாள். எனக்கு அதுதான் கவலை.

2001 மார்ச், கொல்கத்தா கிரிக்கெட் டெஸ்ட். ஆஸ்திரேலியா தொடர்ந்து 16 டெஸ்ட்களை வென்றுவிட்டு வந்திருந்தது. முதல் இன்னிங்ஸில் அவர்கள் 445, இந்தியா 171. ஃபாலோ ஆன், அதாவது இந்தியா உடனே மீண்டும் பேட் செய்ய வேண்டிய நிலை. அப்போது அணி ஒரு முடிவு எடுத்தது. மூன்றாவது இடத்தில் ஆடிவந்த ராகுல் டிராவிட்டை ஆறாவது இடத்துக்கு இறக்கி, அவருடைய இடத்தை லக்ஷ்மணுக்குக் கொடுத்தது. முதல் இன்னிங்ஸில் லக்ஷ்மண் 59 எடுத்திருந்தார், டிராவிட் 25 தான். நியாயமான மாற்றம்தான், ஆனாலும் வலிக்காமல் இருக்குமா?

டிராவிட் உள்ளே வந்தபோது நான்கு விக்கெட் போயிருந்தது, இந்தியா இன்னும் பின்தங்கியே இருந்தது. நான்காம் நாள் முழுவதும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. தன் இடத்தை எடுத்துக்கொண்டவரோடு சேர்ந்து அவர் 376 ரன் கூட்டினார். லக்ஷ்மண் 281, டிராவிட் 180. இந்தியா 171 ரன்னில் வென்றது. அடுத்து சேப்பாக்கத்திலும் வென்று தொடரையே கைப்பற்றியது. எல்லோரும் 281ஐத்தான் சொல்வார்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் அந்த 180ஐச் சொல்லுங்கள்.

அதே டிராவிட் கேப்டனாக இருந்த 2007 உலகக் கோப்பையில், மேற்கிந்தியத் தீவுகளில், இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2024இல் அதே மேற்கிந்தியத் தீவுகளில், பார்படாஸில், இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்றபோது அவர் பயிற்சியாளர். நடுவில் 17 வருடம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடத்தில் என்னிடம் திரும்பி வரும் பிள்ளைகள் பலர் சொல்வது ஒரே விஷயம்: "என் ஜூனியரை டீம் லீடராகப் போட்டுவிட்டார்கள், வேலையை விடப்போகிறேன்." நன்றாகப் படித்தவர்கள்தான். ஆனால் கீழே இறங்கி நின்று வேலை செய்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. உங்கள் மகளுக்கு அது இப்போதே கிடைக்கிறது, அதுவும் சம்பளம் போகாத இடத்தில்.

லிபரோ என்பதும் தண்டனை இல்லை அம்மா. எதிரணி அடிக்கும் வேகமான பந்தைக் கையில் வாங்கி, செட்டருக்கு (ஸ்மாஷ் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) ஒழுங்காக அனுப்புபவர் அவர். அந்த முதல் தொடுதல் சரியில்லை என்றால் ஸ்மாஷ் அடிக்கவே ஆள் தேவையில்லை. பின்வரிசையில் நிற்பதால் மைதானம் முழுவதும் கண்ணில் படும். குரல் கொடுத்து ஆட்களை நிறுத்துவதும் அங்கிருந்துதான்.

பி.டி. சாரைப் போய்ப் பாருங்கள், சண்டைக்கு அல்ல. "ஏன் லிபரோ?" என்று மட்டும் கேளுங்கள். அவளுடைய பந்து எடுக்கும் திறமைக்காக என்றால், அதை அவர் வாயாலேயே அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். உண்மையிலேயே பாரபட்சம் என்று தெரிந்தால் ஊரில் ஒரு கிளப்பைப் பார்ப்போம், ஆட்டம் தொடரட்டும்.

சான்றிதழ்களைப் பத்திரமாக ஒரு ஃபைலில் வையுங்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, தமிழக அரசு வேலைகளிலும் 3 சதவீதம் உண்டு. அப்புறம், அதற்காக மட்டும் அவளை விளையாட அனுப்பாதீர்கள்.

வரும் சனிக்கிழமை மேட்ச் என்று எழுதியிருந்தீர்கள். போய் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்கு வரும் வழியில் கேப்டன் பேச்சை எடுக்க வேண்டாம். இன்று எத்தனை பந்து எடுத்தாய் என்று கேளுங்கள்.