ஹோமி பாபா இயற்பியலில் என்ன செய்தார்?

டிராம்பே அணு உலைகளைத் தவிர பாபாவின் சொந்த ஆராய்ச்சி என்ன என்று மாட்டுங்காவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். முதலில் சொல்ல வேண்டியது, 1937இல் இயற்பியலாளர் வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து எழுதிய காஸ்மிக் கதிர்ப் பொழிவுக் கோட்பாடு. விண்வெளியிலிருந்து வரும் வேகமான துகள்கள்தான் காஸ்மிக் கதிர்கள். வேகமான எலக்ட்ரான் அணுக்கருவை ஒட்டிப் போகும்போது ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, உமிழும், அந்த ஃபோட்டான் எலக்ட்ரானும் அதன் நேர்மின் இணையான பாசிட்ரானும் சேர்ந்த ஜோடியாகும், அவையும் உமிழும். எண்ணிக்கை மளமளவென்று ஏறும். முடிவில்லாமல் ஏறும் என்று எழுதினால் தவறு. துகளின் ஆற்றல் சுமார் 85 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும், காற்றை அயனியாக்குவதிலேயே அது செலவாகிப் பொழிவு அடங்கிவிடும். எலக்ட்ரானைவிட 207 மடங்கு கனமான மியூவான் என்ற துகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது; அது மிகக் குறைவாகவே உமிழ்வதால் பாறைக்குள்ளும் ஊடுருவும்.

இன்னொன்று பாபா சிதறல். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதற்கு அவர் போட்ட அருமையான கணக்கு அது. அவற்றை மோதவிடும் கருவிகளில் மோதல் வீதத்தை அளவிட இன்றும் அதைத்தான் நம்புகிறார்கள்.