கேட்டும் கிடைக்காதபோது: வாசகர் கேள்விகளுக்கு ஒரு குருவானவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, ஜெபத்துக்குப் பதில் கிடைக்காததைப் பற்றியே பேசுகின்றன. அவற்றுள் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் நீண்டுவிட்டது. மற்ற மூவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால், இரண்டு ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்து வருகிறோம். உபவாச ஜெபத்துக்கு நான் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. சென்ற மாதம் எங்கள் ஜெபக்குழுவிலுள்ள ஒரு சகோதரி, "விசுவாசத்தோடு கேட்டிருந்தால் இதற்குள் சுகம் கிடைத்திருக்கும். வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. குறை என் விசுவாசத்தில்தான் இருக்கிறதா, ஐயா?
வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இல்லை, அம்மா. அந்தச் சகோதரி சொன்னது பரிவினால் வந்த பேச்சாகக்கூட இருக்கலாம். ஆனால் அது வேதம் கற்பிப்பது அல்ல. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் மறுத்ததை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய பவுல், தம் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வர நேர்ந்தது. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அவர் சொன்ன யோசனை, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்பதுதான். உன் விசுவாசத்தைச் சோதித்துப் பார் என்று அவர் எழுதவில்லை. தம் சரீரத்திலிருந்த முள் நீங்கவேண்டும் என்று அவரே மூன்று முறை வேண்டிக்கொண்டும் முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. நோய் தீராததற்கு விசுவாசக் குறைவே காரணம் என்றால், அந்தப் பட்டியலில் முதலில் எழுதவேண்டிய பெயர் பவுலுடையதாக இருக்கும்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் காய்ச்சலில் ஆறு வயதுக் குழந்தை இறந்துபோனது. செய்தி கேட்டவுடன் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் நிருபத்து வசனத்தை வாசித்து, விளக்கவும் தொடங்கிவிட்டேன். குழந்தையின் தகப்பன் பனையேறி. காய்ப்பேறிய இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் பாட்டி அடுப்படியிலிருந்து கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "ஐயரே, வசனம் நாளைக்கு வாசிக்கலாம். இப்பம் சும்மா இரியும்" என்றார். அன்று மாலைவரை சும்மாதான் இருந்தேன். வேதாகமக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது. யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் இராப்பகலாக வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டுப்போனார்கள்; கடைசியில் கடவுள் கோபம்கொண்டதும் அவர்கள்மேல்தான், புலம்பிய யோபுவின்மேல் அல்ல.

ஜெபிக்க வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே கடவுளிடம் சொல்லுங்கள். நம் ஆலயங்களில் துதியின் சங்கீதங்களைப் பாடிப் பழகிய அளவுக்குப் புலம்பல் சங்கீதங்களை வாசித்துப் பழகவில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதமோ அழுகையில் தொடங்கி, ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல், தோழரும் விலகிப்போன இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள், விசுவாசக் குறைவான பாட்டு என்று சொல்லி ஒதுக்கிவிடவில்லை. தேவாலயத்தில் பாடப்படும் பாட்டுகளோடு சேர்த்து வைத்தார்கள். டயாலிசிஸ் பிரிவின் வெளியே நீங்கள் காத்திருக்கும் நாலு மணி நேரத்தில் ஒருமுறை அதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். அதுவும் முடியவில்லை என்றால், சில காலம் மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கிய சம்பவத்தில், ஆண்டவர் "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்றே எழுதியிருக்கிறது. கட்டிலில் கிடந்தவனிடம், உனக்கு விசுவாசம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

நமக்கு அருகிலுள்ள ஓர் உதாரணத்தையும் சொல்லலாம். டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-ஆம் ஆண்டு களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். 1951-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே அவர் வாழ்க்கை கழிந்தது. அவருக்காக ஜெபித்தவர்களுக்குக் குறைவில்லை. பழைய நடமாட்டம் திரும்பவில்லை. ஆனால் அந்தப் படுக்கையிலிருந்தே அவர் பல நூல்களை எழுதினார். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தபடியால், பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டிதான் இன்றும் அங்கே இருக்கிறது. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னும் ஒன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருக்கிறதா? டயாலிசிஸ் அதில் அடங்கும். அரசு மருத்துவமனைகளிலும் அந்தச் சிகிச்சை உண்டு. இந்தச் செய்தியை உங்களுக்குச் சொல்வதும் போதகனின் வேலைதான். மாதத்தில் சில நாள்களாவது மருத்துவமனைக்கு வண்டி ஏற்பாடு செய்து தரும்படி, உங்கள் சேகரகுருவின் வழியாகச் சபையாரைக் கேளுங்கள். உங்களிடம் பாவம் இருக்கிறதா என்று விசாரித்த சகோதரியின் வீட்டில் ஸ்கூட்டர் இருந்தால், முதல் முறை அவரே வரட்டும்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், "நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன் கொடுப்பாய், நீயோ கடன் வாங்காதிருப்பாய்" என்று இருந்தது. மார்ச் மாதத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. வசனம் பொய்த்துவிட்டதா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: வசனம் பொய்க்கவில்லை; நாம் அதைக் கையாளும் முறைதான் பொய்த்தது. டிசம்பர் 31 இரவில் தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தை நான் குறைசொல்ல மாட்டேன். நானும் எடுக்கிறேன். ஆனால் உபாகமம் 28-இலுள்ள அந்த வார்த்தை ஒரு ஜனக்கூட்டம் முழுவதற்கும், உடன்படிக்கையின் நிபந்தனையோடு, அதே அதிகாரத்திலுள்ள நீண்ட சாபப் பட்டியலோடு சேர்த்துச் சொல்லப்பட்டது. அந்தப் பட்டியலிலிருந்து யாரும் அட்டை அச்சிடுவதில்லை.

ஆண்டுதோறும் யாருக்காவது தவறாமல் வரும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனத்திலேயே, விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்கிறது. அதாவது, கடிதத்தை முதலில் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப்போவதில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்பதுதான். மகளைப் படிக்கவைக்கக் கடன் வாங்கிய நீங்கள், உங்கள் அட்டையை மீறவில்லை. இந்தக் கடிதத்தின்படி நடந்திருக்கிறீர்கள் என்றே நான் நினைக்கிறேன். வட்டி அதிகமாக இருந்தால், வங்கியில் கல்விக் கடனாக மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள்.

கேள்வி: தொலைக்காட்சியில் ஒரு ஊழியர், "உங்கள் தேவைக்குரிய விதையை இன்று விதையுங்கள், நூறு மடங்காக அறுப்பீர்கள்" என்று சொன்னதைக் கேட்டு, மூன்று தடவை காணிக்கை அனுப்பினேன். கடைசித் தடவை மனைவியின் வளையலை அடகு வைத்து அனுப்பியதால் வீட்டில் சண்டை. அவளுக்கு ஆவிக்குரிய காரியங்கள் புரியவில்லை.
வாசகர், ஊர் வேண்டாம் என்கிறார்

பதில்: உங்கள் மனைவிக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது, ஐயா. கடவுளுக்குக் காணிக்கையாக நேர்ந்துவிட்டேன், அது "கொர்பான்" என்று சொல்லிக்கொண்டு, தாய் தகப்பனைத் தாங்காமல் விட்டவர்களை ஆண்டவர் கடுமையாகக் கண்டித்தது மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வளையலுக்கு உரியவளின் சம்மதம் இல்லாமல் கொடுத்த காணிக்கையும் அந்த வகைதான்.

நம் திருநெல்வேலிச் சீமையில் பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. பெண்கள் உலையில் போட அரிசி அளக்கும்போது, அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, பிறகு ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைப் போட்ட பாட்டிமார் யாரும் அடுத்த வாரம் கலயம் நிரம்பி வழிகிறதா என்று எட்டிப்பார்த்ததில்லை. அன்றைய சோறு ஒரு கைப்பிடி குறைந்தது. அது அவர்களுக்குத் தெரிந்தேதான் குறைந்தது. நூறு மடங்கு கணக்கு வைத்துக் கொடுப்பது முதலீடு. அதற்குப் பங்குச்சந்தை இருக்கிறது. முதலில் வளையலை மீட்டுக் கொடுங்கள். மீட்டு முடிக்கும்வரை அந்த ஊழியருக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். இரவு அறைக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தால் நாலு வசனத்துக்குள் தூங்கிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் குற்ற உணர்வாக இருக்கிறது.
இளைஞர், திருப்பூர்

பதில்: தம்பி, எலியா தீர்க்கதரிசி சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழே படுத்தபோது, தேவதூதன் அவரைத் தட்டி எழுப்பிக் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் கோபித்துக்கொள்ளவில்லை, இரண்டாம் முறையும் சாப்பாடு கொடுத்தான். நீங்கள் இரவில் வாசிக்க வேண்டாம். கம்பெனி பஸ்ஸில் போகும்போது 117-ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்யுங்கள். அதில் மொத்தம் இரண்டே வசனங்கள். அது முடிந்ததும் 23-க்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இல்லாத வாரங்களில் மட்டும் ஆலயத்துக்குப் போய், கடைசி வரிசையில் உட்காருங்கள். இரவுச் சாப்பாடு மெஸ்ஸில் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.