வெண்ணெய் எங்கே? - வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்கா, போர்ட் ஷெப்ஸ்டோன் வாசகி: எங்கள் தெருவில் நார்வே வம்சாவளிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி கொட்டகையில் கஞ்சி வைப்பார்களாம், ஒரு குள்ளன் வந்து குடிப்பானாம். அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். நாம் ஆடியில் செய்யும் போரிட்ஜ் பிரேயர் மாதிரிதானே அண்ணே இது?

பதில்: கஞ்சி மட்டும்தான் ஒன்று, தங்கச்சி. நாம் மாரியம்மனுக்குப் படைத்துவிட்டு ஊரோடு குடிக்கிறோம், அவர்கள் வைப்பது சாமிக்கே இல்லை. அவன் பண்ணைக் காவல்காரன். நார்வேயிலும் டென்மார்க்கிலும் நிஸ்ஸே, சுவீடனில் தொம்தே. சின்னப் பையன் உயரம், சாம்பல் நிற உடுப்பு, சிவப்புக் குல்லா, பலம் மட்டும் அசுர பலம். ராத்திரியில் மாடு குதிரைகளைப் பார்த்துக்கொள்வான், தனக்குப் பிடித்த குதிரைக்காகப் பக்கத்துப் பண்ணை வைக்கோலைத் திருடவும் தயங்கமாட்டான். காடு வெட்டி அந்தப் பண்ணையை முதலில் உண்டாக்கிய ஆளின் ஆவிதான் அவன் என்று சில ஊர்களில் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் நாம் படையல் போடுகிற செத்துப்போன தாத்தா ஆயாவுக்குத்தான் அவன் கிட்டத்து உறவு.

கூலி ஒரு கிண்ணம் கஞ்சி, மேலே வெண்ணெய் கட்டாயம். ஒருமுறை வேலைக்காரப் பெண் விளையாட்டாக வெண்ணெயை அடியில் போட்டு மேலே கஞ்சியை ஊற்றிவிட்டாள். அதைப் பார்த்தவன் நேராகத் தொழுவத்துக்குப் போய், இருப்பதிலேயே நல்ல பசுவை அடித்துக் கொன்றுவிட்டான். சரி, பசிக்கிறதே என்று திரும்பி வந்து கஞ்சியைக் குடித்தால் அடியில் வெண்ணெய்! அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக ஊரெல்லாம் அலைந்து, அச்சு அசலாக அதே மாதிரி ஒரு பசுவை ஓட்டி வந்து கட்டினான். யார் தொழுவத்துப் பசு என்று கதை சொல்கிறவர்களும் கேட்டுக்கொள்வதில்லை.

அந்தக் குடும்பம் 1882-இல் உங்கள் ஊர்ப் பக்கத்து மார்பர்க்கில் குடியேறிய நார்வேக்காரர்களின் வழியென்றால், நிஸ்ஸேயும் கப்பலில் வந்தானா என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் தொல்லை தாங்காமல் ஒரு குடியானவன் தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கிளம்பினான், பாதி வழியில் ஒரு பீப்பாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி, "இன்றைக்கு நாம் வீடு மாறுகிறோம்" என்றானாம் நிஸ்ஸே.

டோங்காட் வாசகர்: ட்ரோல் என்பதும் நம் ஊர் டோக்கலோஷேயும் ஒன்றா?

பதில்: இல்லை ஐயா. டோக்கலோஷே ஜூலு மக்கள் சொல்லும் குள்ளன், அவனுக்குப் பயந்து கட்டில் காலுக்குச் செங்கல் வைப்பார்கள். நார்வே ட்ரோல் பெரும்பாலும் மலை மாதிரி ஆள், மந்தபுத்தி, வெயில் பட்டால் கல்லாகிவிடுவான். செங்கல் செலவு மிச்சம்.

சாட்ஸ்வொர்த் வாசகி: மகன் வயலின் படிக்கிறான். அந்த ஊர்க் கதைகளில் சங்கீதம் தெரிந்த பேய் பிசாசு உண்டா?

பதில்: உண்டு, ஃபோஸெகிரிம். நார்வேயில் அருவிக்கடியில் உட்கார்ந்து ஃபிடில் வாசிப்பவன், ஆள் போனால் சொல்லியும் கொடுப்பான். குருதட்சணை இறைச்சி, கொண்டுபோக வேண்டிய நாள் வியாழக்கிழமை. இறைச்சி போதவில்லை என்றால் சுருதி சேர்க்க மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுவான். நல்ல கொழுத்த கறியாக இருந்தால் சீடனின் கையைப் பிடித்து விரலில் ரத்தம் வரும்வரை தந்தியில் இழுப்பான், அதற்குப் பிறகு சீடன் வாசித்தால் மரம் ஆடும், அருவி நிற்கும். ஆட்டுத்தொடையைப் பக்கத்து வீட்டிலிருந்து திருடித்தான் கொண்டுவர வேண்டும் என்றும் சில கதைகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை மட்டும் பையனிடம் சொல்லிவிடாதீர்கள்.